நானா எழும்பினா

கோயிலில் முதல் மணி ஓய்ந்தபோது பெனினாள் அடுப்படியில் நின்றுகொண்டு பாலைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் படுக்கையறைக் கதவிடுக்கில் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். கால்மாட்டில், போர்வைக்கு வெளியே, அவள் புருஷன் ஜெயசிங்கின் வலது பாதம். இருபத்தொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பாதத்தின் பெருவிரலைப் பிடித்து ஆட்டுவது அவளுடைய வேலையாக இருந்தது. தோளைத் தொட்டால் திடுக்கிட்டு எழும்புவார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனுசன், தூக்கத்திலும் கை பிடிமானம் தேடும். அதனால் கால்விரல். "ஏங்க, முதல் மணி." "ம்." "ஏங்க." "எழும்பிட்டேன்ளா." எழும்பியிருக்க மாட்டார். ஏழுக்கு முதல் மணி, ஏழரைக்கு இரண்டாம் மணி, எட்டுக்கு மூன்றாம் மணி. மூன்றாம் மணியோடு ஆராதனை தொடங்கிவிடும். முதல் மணிக்கு விரலை ஆட்டினால்தான் இரண்டாம் மணிக்கு அவர் முகத்தில் சோப்பு நுரை இருக்கும், மூன்றாம் மணிக்கு வெள்ளைச் சட்டையோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மாதத்தில் ஒரு தரம் எழுந்துபோய் வேதபாடம் வாசிப்பார், வாசித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்கு மட்டும் மார்பு விம்மும். இப்போது பதினான்கு மாதமாக அந்த விரலை அவள் தொடவில்லை. விரல் இப்போது அசைந்ததா? அசைந்த மாதிரித்தான் இருந்தது. தூங்குகிறவனுக்கும் விரல் அசையும். கொசு கடித்தாலும் அசையும். மணிச்சத்தம் கேட்டும் அசையும். கேட்டு அசைந்ததா, கடித்து அசைந்ததா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே பால் பொங்கி வழிந்து அடுப்பு சுரீரென்றது. சத்தத்துக்கு விரல் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. அப்படியென்றால் தூக்கம்தான். அல்லது சத்தத்துக்கு அசையக் கூடாது என்று படுத்திருக்கிற விழிப்பு.

பதினான்கு மாதத்துக்கு முந்தி, அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம், வழக்கம்போல விரலைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அவர் ஏற்கனவே விழித்திருக்கிறார் என்று. விழித்திருக்கிறவன் விரலுக்கு ஒரு கனம் உண்டு. நிமிர்ந்து பார்த்தாள். கண் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "பெனி, இனிமே என்னை எழுப்பாத," என்றார். கோபம் இல்லை. கடையில் சீனி இல்லை என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "ஏங்க, மேலுக்கு என்ன?" "ஒண்ணுமில்ல. அங்ஙன கோயில்ல வந்து நிக்கேன், வாய் அசையுது. உள்ள ஒண்ணுமில்ல. எனக்கே என்னைப் பாக்கக் கேவலமா இருக்கு." அவள் விரலை விட்டுவிட்டு நின்றபோது பாவம் பார்த்தது போலச் சொன்னார்: "நானா எழும்பினா வாரேன்." அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஓட்டியிருக்கிறாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வாரேன் என்றுதான் முடித்தார். எழும்பினா என்று நடுவில் ஒன்று இருக்கிறது, அது பெரிய மலை ஒன்றும் இல்லை, மனுசன் தினமும் எழும்பத்தானே செய்கிறான். ஆனால் நானா என்று முன்னால் ஒன்று நிற்கிறதே. அங்கேதான் அவள் ஒவ்வொரு ஞாயிறும் முட்டிக்கொண்டு நின்றாள். ஜெபத்தில் கேட்கலாமா? ஆண்டவர் எழுப்பினால் அது நானாவா? ஆண்டவர் ஒருவருடைய கால்விரலைப் பிடித்தால், பிடித்தது தெரியாமல் பிடிப்பாரா?

சீனியைப் போட்டாளா, போடவில்லையா என்று சந்தேகம் வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். போட்டிருந்தது. அவருக்கான டம்ளரை மூடி வைத்தாள். காரணம் என்ற ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காய்ச்சல் என்று வருகிற ஆளுடைய ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இருக்கவேண்டியது இருக்கும், இருக்கக்கூடாதது இருக்காது, எல்லாம் கணக்காக இருக்கும், ஆனாலும் வெளியே பெஞ்சில் ஆள் துவண்டு கிடப்பான். அந்த மாதிரி ஆளுக்குச் சீட்டு எழுதுவதுதான் கஷ்டம். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தால் அவன் அவளை ஒரு பார்வை பார்ப்பான். கோயில் மாதர் சங்கத்தில் அவரைப் பற்றிக் கேட்டார்கள். "குடிக்கானா?" இல்லை. "வேற சகவாசம்?" இல்லை. "கமிட்டித் தேர்தல்ல ஏதும் மனத்தாங்கலா?" அதுவும் இல்லை. கேட்டவர்களுக்கு ஏமாற்றம். குடிகாரனுக்காக ஜெபிக்க வார்த்தைகள் தயாராக இருக்கின்றன, அவள் சின்ன வயசிலிருந்து கேட்டவை, கண்ணை மூடினால் தண்ணீர் மாதிரி வரும். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருக்கும்போது வெங்காயம் உரித்து வைக்கிற மனுசனுக்காக எப்படி ஜெபிப்பது? அவள் வருவதற்குள் கறியைக் கழுவி மஞ்சள் போட்டு வைத்திருப்பார். ஆண்டவரே, இவரைத் திருத்தும் என்று சொன்னால் எதைத் திருத்த என்று ஆண்டவரே கேட்பார். ஒரு நாள் முழங்காலில் நின்றபோது, இவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாமே என்று மனசு நினைத்துவிட்டது. நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். கேட்ட பிறகும் அந்த நினைப்பு நடைவாசலில் செருப்புப் போல அங்கேயே கிடந்தது.

பீரோவைத் திறந்தாள், மெதுவாகத்தான், ஆனாலும் அந்தக் கதவு கத்தும். இன்றைக்குக் கத்தட்டும் என்று விட்டாள். கத்தியது. கட்டிலிலிருந்து சத்தமில்லை. இளநீலச் சேலையா, பழுப்பா? போன ஞாயிறு இளநீலம். போன ஞாயிறுதானே கோயிலில் அந்த ஜெபச் சீட்டைக் கொடுத்தாள். இத்தனை மாதம் கொடுக்காமல் இருந்தவள். விண்ணப்பச் சீட்டில் யாரும் பெயர் எழுதுவதில்லை, 'ஒரு சகோதரி தன் மகனுடைய வேலைக்காக' என்றுதான் எழுதுவது, ஆனால் உபதேசியார் வாசிக்கும்போது ஊரே தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அந்தச் சகோதரியைப் பார்த்துவிடும். அவள் எழுதியது ஒரே வரி: 'ஒரு சகோதரி தன் கணவருக்கு எழுப்புதல் உண்டாக.' எழுப்புதல் என்றால் கன்வென்ஷன் பந்தலில் சொல்லுகிற எழுப்புதல், அணைந்த ஆத்துமா அனல் கொள்ளுவது. அதைத்தான் அவள் நினைத்தாள். அப்படித்தான் எவனும் நினைப்பான். உபதேசியார் நல்ல மனுசன், இளகின மனசு, அன்றைக்குக் கண்ணாடி வேறு கொண்டுவரவில்லை போல. சீட்டைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, வாசித்து, அந்தச் சகோதரியின் கணவர் பதினான்கு மாதமாகக் கோயிலில் இல்லாததையும் அந்த ஒரு வரியையும் கூட்டிப் பார்த்து, குரல் உடைந்து ஜெபித்தார்: "நெடுநாளாய்ப் படுக்கையிலே கிடக்கிற எங்கள் சகோதரனைக் கைதூக்கி எழுப்பும் ஆண்டவரே." சபை முழுக்க ஆமென் என்றது. அவளும் சொன்னாள். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்னத்துக்குச் சொன்னோம் என்று உறைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் புஷ்பலீலா அக்கா இரண்டு பெண்களோடு வந்துவிட்டாள். மாதர் சங்கத் தலைவி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை ஆரஞ்சு. கதவைத் திறந்தது ஜெயசிங். வேலை முடிந்து வந்து குளித்து, தோளில் துண்டோடு, தலையில் தண்ணீர் சொட்ட நின்றார். அக்கா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கையை மேலே தூக்கினாள். "ஸ்தோத்திரம். கேட்டது ஞாயித்துக்கெழம, கெடச்சது திங்கக்கெழம. தம்பி, எழும்பி நடக்கியே." உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெனினாள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். ஓடிப்போய் இல்லைக்கா, அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படி இல்லை என்று சொல்லுவது? இவர் உடம்பு நல்லாத்தான் இருக்கு, விசுவாசம்தான் கிடையில் விழுந்திருக்கு என்றா? ஜெயசிங் துண்டை இழுத்து மார்பில் போர்த்திக்கொண்டார். பிறகு, "உக்காருங்கக்கா," என்றார். உட்கார்ந்தார்கள். "எந்த எடத்துல தம்பி வலி?" "இப்ப வலி இல்லக்கா." "அல்லேலூயா." நன்றி சொல்லி நீளமாக ஜெபித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முடிவில் ஆமென் என்றார். அவள் கேட்டாள். துணி மடிக்கிற கையை நிறுத்திக் கேட்டாள். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஆமென், விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற மரியாதையில் வந்த ஆமென்தான், இருந்தாலும் அந்தக் குரலில் அந்தச் சொல். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா சொன்னாள், "ஞாயித்துக்கெழம நீயே வந்து சொகமானதுக்குச் சாட்சி சொல்லணும், என்ன?" அவர், "பாப்போம்க்கா," என்றார். அவர்கள் போன பிறகு ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினார். "என்னத்தளா எழுதிக் குடுத்த?" சொன்னாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, "என்னை ஊர்ல கெடையில போட்டுட்டியே பெனி," என்றார். சுளையிலிருந்து நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "ஒரு வகையில அதுவும் சரிதான்," என்றார். எந்த வகையில் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

பாப்போம் என்றால் என்ன? கடன் கேட்டவனுக்கும் பாப்போம், கல்யாணத்துக்கு அழைத்தவனுக்கும் பாப்போம். வாரம் முழுக்க அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். வாரேன் என்பது ஒரு பக்கம், பாப்போம் என்பது ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் எழுப்பாத என்பது. ஒருவேளை எழுப்பட்டும் என்று காத்திருக்கிறாரோ? சொன்ன வார்த்தையைத் தானே மீற வெட்கப்பட்டு, அவள் வந்து மீறட்டும் என்று விரலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாரோ? இல்லை, விரலைத் தொட்டால், இந்தப் பதினான்கு மாதம் அவள் காத்த ஒரே ஒரு மரியாதையும் போய்விடுமோ? தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி கிடக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். தூங்குகிறவனா கிடக்கிறவனா என்றே தெரியாமல் நிற்கிறவளுக்கு ஒரு பழமொழியும் இல்லை. நேற்று சனிக்கிழமை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, யாருடையதோ ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஆண்டவரிடம் சொல்லிவிட்டாள்: நாளைக்கு அவர் எழும்பவில்லை என்றால் நானும் போகமாட்டேன். ஜெபம் மாதிரித் தொடங்கி மிரட்டல் மாதிரி முடிந்தது. யாரை மிரட்டுகிறாய் என்று உடனே பயம் வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு பயம், அதுதான் பெரியது: மிரட்டல் இல்லை அது, ஆசை. அவளுக்கும் படுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

சேலைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் மணி அடித்தது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். அபிஷா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், விடுதி. எழுப்புவதற்கு அவளுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு ஆள்தான். போன் ஆறு தரம் அடித்த பிறகு எடுத்தாள். "ம்மா."

"எழும்பிட்டியா?"

"எழும்பாமலா பேசுதேன்."

"கோயிலுக்குக் கெளம்பு."

"தலைக்குக் குளிக்கணும்மா. துணி ஊறப் போட்டிருக்கேன்."

"ஹாஸ்டல் பக்கத்துலதானே கோயில்."

"பக்கத்துலதான் இருக்கு. எங்க போயிரப் போவுது." கொட்டாவி. "அப்பா எழும்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ அங்க அப்பா முழிச்சிராம மெதுவா நடக்க, எனக்கு மட்டும் போன் போட்டு எழுப்புத. என்ன நியாயம்மா இது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குறும்புதான். அவள் அப்பாவின் சிரிப்பு. "அப்பாட்ட குடேன், பேசுதேன்."

"தூங்குதாங்க."

"சரி, தூங்கட்டும். நீ எனக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்க. வச்சிருதேன்."

எனக்கும் சேத்து. எத்தனை பேருக்குச் சேர்த்து. போனை மேசையில் வைத்தாள். வேதத்தில் கூரையைப் பிரித்து, கிடையில் கிடந்த ஒருவனைக் கட்டிலோடு ஆண்டவர் முன்னால் இறக்கினார்களே நாலு பேர், அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் கட்டிலில் கிடந்தவனுக்குச் சுகம் கிடைத்தது, அவனுடையதைப் பார்த்து இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையை அவள் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். நாலு மூலைக்கு நாலு பேர் இருந்தால் கட்டில் சாயாது. ஒருத்தி தூக்கினால் எந்த மூலையைத் தூக்குவது? கால்மாட்டைத் தூக்கினால் தலை இடிக்கும். இப்போது கட்டிலில் இரண்டு பேர் வேறு, அப்பாவும் மகளும். பெனினாளுக்கு அவளுடைய அப்பா பேர் எடுத்தது வேதத்தை மூடி, கண்ணை மூடி, திறந்த இடத்தில் விரல் வைத்து. பக்கத்தில், நாலு வார்த்தை தள்ளி, பிள்ளையில்லாமல் கோயிலில் அழுது ஜெபித்துக் கேட்டதை வாங்கின அந்த அம்மாளுடைய பேர் இருந்தது. விரல் விழுந்தது அந்த அம்மாளைச் சீண்டிச் சீண்டி அழவைத்த சக்களத்தியின் பேரில். பெனினாள். ஞானஸ்நானம் கொடுத்த போதகர் ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை, வேதத்திலே உள்ள பேர்தானே என்று விட்டுவிட்டார். ஜெபித்துக் கேட்டதை வாங்கினவள் பேரை விட்டு, அவளை அழவைத்தவள் பேரை வாங்கிக்கொண்டு முழங்காலில் நிற்கிறோமோ என்று சிலசமயம் தோன்றும். தோன்றினால் சிரிப்பு வரும். சிரிப்பதற்குக் கூட ஆள் இல்லை, இதைச் சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கட்டிலில் கிடக்கிறார்.

உள்ளே போனாள். சேலை கட்டி, தலைவாரி, வேதப்பையைக் கையில் எடுத்து எல்லாம் முடிந்திருந்தது, மணி எட்டுக்குப் பத்து. போனால் இப்போது போகவேண்டும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் மல்லாந்து கிடந்தார், கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்தது. சீராக வருகிற மூச்சைக் கேட்டால் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கு இப்படித் தூக்கம் வருகிறது. நம்புகிறவள் விடியும் முன்னே விழித்து, முழங்காலில் நின்று, சொன்ன வார்த்தையையே சொல்லி, சொல்லும்போதே கேட்கிறாரா என்று காதைத் தீட்டி, ஒன்றும் கேட்காமல், ஆமென் சொல்லி எழும்புகிறாள். வாய் அசையுது, உள்ள ஒண்ணுமில்ல. அவர் சொன்னது அவரைப் பற்றித்தானா? அந்தச் சொல் அவர் வாயிலிருந்து கிளம்பி, தலையணையைத் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. அவருக்காக ஜெபிக்கிறேன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இன்னும் நிற்கிறாள். அதையும் விட்டுவிட்டால், சேலையோடு, பக்கத்தில், அப்படியே சாய்ந்துவிட்டால், தலையணை குளிர்ச்சியாக இருக்கும். சாட்சிக்குக் காத்திருக்கிற புஷ்பலீலா அக்கா வாசலைப் பார்ப்பாள், ஒருத்தரும் வரமாட்டார்கள். போன வாரம் ஒருத்தர் கிடை, இந்த வாரம் இரண்டு பேர். விரல் பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவள் கையை நீட்டவில்லை. வேதப்பையை மடியில் வைத்து அதன் மேல் கையை மடக்கிக்கொண்டாள். மூன்றாம் மணி அடிக்கத் தொடங்கியது.

"பெனி."

கண் திறக்கவில்லை. குரல் தெளிவாக இருந்தது, தூக்கத்தின் ஒரு பிசிறும் இல்லை.

"ம்."

"மூணாம் மணி அடிக்கு."

"கேக்கு."

"போவலியா?"

"இல்ல."

கண்ணைத் திறந்தார். "மேலுக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன?"

"நானா எழும்பினா போறேன்," என்றாள்.

சொல்லும்வரை அதைச் சொல்லப்போவது அவளுக்கே தெரியாது. மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு போர்வையைத் தள்ளி எழும்பி உட்கார்ந்தார். காலைத் தரையில் ஊன்றினார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து, கட்டில் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ போவணும்ளா."

"ஏன், நீங்க போவல்ல?"

"நீ போறன்னுதான் நான் கெடக்கேன்." தாடையைத் தேய்த்துக்கொண்டார். "நீ கதவைச் சாத்திட்டுப் போற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணே அசரும். அதுவரைக்கும் முழிச்சுத்தான் கெடப்பேன். மணியெல்லாம் கேக்கும். நீயும் இங்ஙன உக்காந்துட்டா எப்படி? அங்ஙன நம்ம வீட்டுலேருந்து யாரு இருக்கா?"

பதினான்கு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், அவள் நுனிக்காலில் நடந்திருக்கிறாள்.

"அப்ப நீங்க வரலாம்லா," என்றாள். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, வாய் கேட்டது.

அவர் பொய் சொல்ல வராத மனுசன். "இன்னைக்கு இல்ல," என்றார். "எனக்குள்ள ஒண்ணும் இல்ல பெனி. இருக்குன்னு உங்கிட்டச் சொல்ல முடியாது."

"எனக்குள்ளயும்..." என்று தொடங்கினாள். அவர் கையை அவள் கைமேல் வைத்தார், வைத்ததில் சொல் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியும் போல. எத்தனை நாளாகத் தெரியும் என்று தெரியவில்லை. "இருந்தாலும் போ," என்றார். மணி ஓய்ந்தது.

அவள் போனாள். கதவைச் சாத்தும்போது ஒரு கணம் தயங்கி, பிறகு சத்தம் கேட்கும்படியே சாத்தினாள். தெருவில் ஒருவரும் இல்லை, எல்லாரும் உள்ளே போயாகிவிட்டது. வெயில் அதற்குள் ஏறியிருந்தது, செருப்புக்குள் மணல் புகுந்து உறுத்தியது, நின்று தட்ட நேரமில்லை. அவர் வரவில்லை. கேட்டது கிடைக்கவில்லை. புஷ்பலீலா அக்கா கேட்டால் என்ன சொல்லுவது, எழும்பி உட்கார்ந்தார், என்னைப் போகச் சொன்னார் என்றா? அதை எந்தச் சீட்டில் எழுதுவது? பக்கவாசல் வழியாக நுழைந்தாள். பாட்டு முடிந்து, சபை முழங்காலில் நின்று பாவ அறிக்கையைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் வழக்கமான பெஞ்சுக்குப் போகமுடியாது, கடைசி பெஞ்சு வெறுமையாக இருந்தது, அங்கே, இந்தப் பக்கமும் ஆள் இல்லாமல் அந்தப் பக்கமும் ஆள் இல்லாமல், முழங்காலிட்டாள். சபை எந்த வரிக்கு வந்திருக்கிறது என்று தெரியவில்லை. இரைச்சலில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்து காதில் விழுந்தது. அடுத்த முறை அது வருகிறவரை காத்திருந்து, வந்ததும், மூச்சு வாங்க, தனியாக, அந்த இடத்தில் சேர்ந்துகொண்டாள்.

"நாங்கள்," என்றாள்.